மூடிய பீப்பாய்க்குள் ஒரு எலி

"என் ஷெர்ரி ஒயின்ல எலி செத்துக் கிடக்கு, இன்ஸ்பெக்டர்! வாரக்கணக்கா ஊறியிருக்கு. அந்த நிக்காசியோவ உள்ள தூக்கிப் போடுங்க!"

ஸ்பெயினின் ஹெரெஸ் நகரக் காவல் நிலையத்தில் மூச்சிரைக்க வந்து நின்றார் ஒயின் கிடங்கு முதலாளி லெயாந்த்ரோ. சட்டைக் கைமுனையில் வெள்ளையாக ஈரம். புளித்த ரொட்டி மாவு வாசனை. காலைப் பலகாரத்தைச் சிந்திக்கொண்டு வந்திருப்பார் என்று நினைத்தாள் காவலர் கசில்தா.

"நீங்க பார்த்தீங்களா?" இன்ஸ்பெக்டர் ஓரெயானா நிதானமாகக் கேட்டார்.

"சீச்சீ! காலையில ஆளுங்க தக்கையைத் திறந்துட்டு அலறினாங்க. நான் வாசலோட நின்னுட்டேன். அப்படியே கிடக்கட்டும்னு சொல்லிட்டு நேரா இங்கதான் வர்றேன்."

மூவரும் கிடங்குக்குப் போனபோது அங்கே நிக்காசியோ கறுப்புச் சட்டையில் நின்றிருந்தார். ஒயினைப் பதப்படுத்தும் பொறுப்பு முழுவதும் அவருடையது. அக்காவை அடக்கம் செய்ய ஞாயிற்றுக்கிழமை சான்லூக்கர் ஊருக்குப் போனவர், சேதி கேட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

கசில்தா முந்திக்கொண்டு பீப்பாயின் துளைக்குள் டார்ச் அடித்தாள். ஒயினின் மேல் காற்றுப் படாமல் காக்கும் வெள்ளை ஏடு படர்ந்திருந்தது. நடுவில் அது கிழிந்து, உப்பிய எலி மிதந்தது. அதன் வயிற்றில் புழுக்கள் நெளிந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவள் திரும்பி வந்ததும் ஓரெயானா கேட்டார்: "புழு உயிரோட இருந்துதா?"

"நெளியுது சார். குமட்டுது."

"ஈ முட்டை வச்சாத்தானே புழு? மூடின பீப்பாய்க்குள்ள ஈ எப்படிப் போகும்? ஒயின்லயே ஊறியிருந்தா எலி ஊறுகாய் மாதிரி ஆகியிருக்கும், இப்படி அழுகாது. வெளியே அழுகினதை யாரோ எடுத்துப் போட்டிருக்காங்க."

"எப்போ சார்?"

"நிக்காசியோ, இந்த ஏடு கிழிஞ்சா?"

"சில நாள்ல தானாக் கூடிடும் ஐயா. இது இன்னிக்குக் கிழிஞ்சது."

"ஏடு என்ன வாசனை அடிக்கும்?"

"புளிச்ச ரொட்டி மாவு மாதிரி."

கசில்தாவின் பார்வை முதலாளியின் கைமுனைக்குப் போனது. லெயாந்த்ரோ சட்டென்று கையைப் பின்னால் மறைத்தார்.

"வாசலோட நின்னவர் கையில ஏடு எப்படி ஐயா ஒட்டிச்சு?" என்றார் ஓரெயானா.

லெயாந்த்ரோ நிக்காசியோவைக் கை காட்டினார். "வேற என்ன பண்றது? வெளிச் சந்தையில வாங்கின மட்டமான ஒயினை இந்தப் பழைய ஒயின் பீப்பாய் வரிசையில கலக்கலாம்னா இவன் விடமாட்டேங்கிறான். காரணமில்லாம வேலையை விட்டு எடுக்கவும் முடியாது."

"அதுக்கு உங்க ஒயினையே பாழாக்கிட்டீங்களே!" என்றாள் கசில்தா.

"எங்கம்மா பாழாச்சு? எலியை எடுத்துட்டு வடிகட்டினாப் போச்சு. பாட்டில்ல அடைச்சா எவனுக்குத் தெரியும்?"

ஓரெயானா லெயாந்த்ரோவின் தோளைத் தொட்டார். தொட்ட கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "வாங்க. பொய்ப் புகாருக்குப் பதில் சொல்லணும்."

நிக்காசியோ யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பீப்பாயைத் தோள் கொடுத்துத் தள்ளினார்.

"ஒரு கை கொடும்மா. சாக்கடை வரைக்கும் உருட்டணும்."

கசில்தா மூக்கைப் பிடிக்காமல் போய்த் தோள் கொடுத்தாள்.