சாமை உருண்டையும் ஒன்பது ஆட்டக்காரிகளும்

காலை 11.20. பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரி வார்டில் ஒன்பது சிறுமிகள் துவண்டு கிடந்தார்கள். மலையடிவாரத்துத் தனியார் பள்ளியின் கோ-கோ அணி. ஒன்பதே காலுக்குப் பக்கத்துப் பள்ளியை ஜெயித்துக் கூத்தாடியவர்கள், பத்தே முக்காலுக்கு வரிசையாக வாந்தியெடுக்க ஆரம்பித்தார்கள்.

ஏட்டு காசியம்மாளுக்கு உட்காரவே முடியவில்லை. வராண்டாவுக்கும் வார்டுக்குமாக நடந்து தேய்ந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் ரங்கம்மாளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வரச் சொல்லி இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை போன் போட்டாயிற்று.

ரங்கம்மாள் சித்தேரி மலைக்காரி. மூன்று மாதம் முன்பு அந்தப் பள்ளி கேன்டீனில் சிப்ஸை நிறுத்தியபோது, அதற்குப் பதிலாகச் சாமை உருண்டையும் வறுகடலையும் கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அதை நம்பி மலையில் பதினோரு பெண்கள், திருப்பூர் போகாமல் தங்கிவிட்டார்கள். இப்போது வாசலில் பெற்றோர்கள், “மலைச்சரக்குல என்னத்தக் கலந்த?” என்று அவளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் காவியா வேகமாக வந்தாள். “சாமையில பூச்சிமருந்து ஏறியிருந்தா வைத்தியமே வேற, ஏட்டம்மா. என்ன தின்னாங்கன்னு தெரியாம தடுமாறுறேன். பன்னெண்டுக்குள்ள தெரியலன்னா எல்லாரையும் தருமபுரிக்கு அனுப்பிருவேன்.”

காசியம்மாள் ரங்கம்மாள் பக்கம் திரும்பினாள்.

“எத்தனை உருண்டை குடுத்த?”

“பன்னெண்டுங்க. ஆடுன ஒம்போது புள்ளைங்களுக்கும், வெளிய உக்காந்திருந்த மூணு புள்ளைங்களுக்கும். என் கையாலயே குடுத்தனுங்க.”

“அந்த மூணு பேரும் தின்னாங்களா?”

“என் கண்ணு முன்னாடியே தின்னாங்க. நல்லாத்தான் இருக்குதுங்க.”

விளையாட்டு ஆசிரியர் இளம்பரிதி கட்டிலுக்குக் கட்டில் ஓடிக்கொண்டிருந்தார். சிப்ஸுக்குத் தடை போட வைத்தவரே அவர்தான்.

“கேன்டீன்ல மிஞ்சின மூணு மூட்டை சிப்ஸையும் நான்தான் பறிமுதல் பண்ணி விளையாட்டு ரூம்ல பூட்டினேன், மேடம். எரிக்கத்தான் நேரம் வரல. அவ்வளவு பாடுபட்டதுக்கு இப்படி ஆகிப்போச்சு.”

“புள்ளைங்களுக்கு முதல்ல யார் உதவி பண்ணுனது?”

“நான்தான். வாயக் கொப்புளிக்க வச்சு, சோப்புப் போட்டுக் கையெல்லாம் கழுவிவிட்டு, வண்டியில ஏத்தினேன்.”

“மத்த மூணு பேருக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?”

“அதுங்க ஓடல மேடம். சாமை சூடு. வெயில்ல ஆடுன உடம்புக்குச் சேரல.”

காசியம்மாள் தலையாட்டிவிட்டு நடந்தாள். நல்ல மனுஷன் என்றுதான் தோன்றியது. ஆனாலும் ஏதோ ஒன்று முள்ளாக உறுத்தியது.

11.40. அணித்தலைவி பிரியங்காவுக்கு முகம் துடைக்கத் துண்டு தேடிக் காசியம்மாள் அவள் பையைத் திறந்தாள். டிபன் பாக்ஸுக்குள் ஒரு சாமை உருண்டை, முழுசாக.

“இது யாருதும்மா?”

“என்னுதுங்க. தம்பிக்கு எடுத்து வச்சேன்.”

“நீ திங்கவே இல்லையா?”

சிறுமி இல்லையென்று தலையை ஆட்டினாள். இளம்பரிதியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய மஞ்சள் பனியனின் இடுப்போரத்தில் நாலு விரல் இழுத்த செக்கச்சிவந்த தடம். காசியம்மாள் குனிந்து மோந்தாள். பழைய எண்ணெயின் சிக்கு வாடை குப்பென்று அடித்தது.

11.50. டாக்டரையும் ரங்கம்மாளையும் இளம்பரிதியையும் வார்டு வாசலில் நிறுத்தினாள்.

“உருண்டையில குத்தமில்ல. தின்ன மூணு பேரு நல்லா இருக்காங்க. திங்காத பிரியங்கா படுத்திருக்கா. ஆடி ஜெயிச்ச ஒம்போது பேருக்கு மட்டும் வேற ஏதோ கிடைச்சிருக்கு. ஜெயிச்சதுக்குப் பரிசு குடுக்கறது யாரு சார்?”

இளம்பரிதி வார்டுக்குள் திரும்பிப் பார்த்தார்.

“வாந்தியெடுத்த புள்ளைக்கு வாயக் கழுவுவாங்க. கைக்குச் சோப்பு எதுக்கு சார்? விரல்ல ஒட்டுன சிப்ஸ் மசாலா போகணும்னுதான? கையக் கழுவுன நீங்க பிரியங்கா பனியனப் பாக்கல. அதுல தொடைச்சிருக்கா. அந்தப் பள்ளிக்கூடத்துல சிப்ஸ் இருக்கற ஒரே எடம் உங்க விளையாட்டு ரூம்தான். சாவியக் குடுங்க.”

இளம்பரிதி சாவியை எடுத்து நீட்டினார். “ஜெயிச்சுட்டு வந்து கெஞ்சுனாங்க மேடம். ஒருநாள்தானேன்னு… தேதி முடிஞ்சிருந்ததைக் கவனிக்கல. தகரக் கூரைக்குக் கீழ மூணு மாசம் வெந்து கிடந்திருக்கு. வெளிய சொல்லக்கூடாதுன்னு நான்தான் புள்ளைங்ககிட்ட சொன்னேன்.”

“கெட்டுப்போன எண்ணெய்ச் சரக்கா? அப்பத் தருமபுரி வேணாம்” என்று டாக்டர் உள்ளே ஓடினாள். காசியம்மாள் போனை எடுத்தாள். “கூட்டிட்டு வரேன் சார். ரங்கம்மாள இல்ல, பி.டி. சாரை.”

ரங்கம்மாள் அழுவாள், அல்லது கையெடுத்துக் கும்பிடுவாள் என்று வாசலில் நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள். அவள் நேராக இளம்பரிதியின் முன்னால் வந்து நின்றாள்.

“என்னை ஜெயில்ல போட்டிருந்தாக்கூடப் போவுதுங்க சார். இந்த டாக்டரம்மா ஒரு மணி நேரமா எந்த மருந்து குடுக்கறதுன்னு தவிச்சுதே, அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே? அதுங்க நீங்க வளக்கற புள்ளைங்கதான?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. உள்ளே பிரியங்கா மறுபடி ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ரங்கம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். கத்திக்கொண்டிருந்த பெற்றோர்கள் விலகி வழி விட்டார்கள்.