மிலோனாவிலிருந்து வந்தவர்கள்

தூதர் வேலையை முடித்துக்கொண்டு சர் ராண்டால் கெம்ப் வார்விக்‌ஷயர் மாளிகைக்குத் திரும்பிய மத்தியானம், வண்டியிலிருந்து முதலில் இறங்கியவள் அவர் மனைவி அகஸ்டா. கதவு திறந்ததும் உப்பும் அழுகிய கடற்பாசியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

அந்தப் பக்கத்தில் கடலே கிடையாது.

"காலையில இல்லம்மா. உங்க வண்டிச் சத்தம் கேட்டப்புறம்தான் வந்துச்சு," என்று கிசுகிசுத்தாள் வேலைக்காரி ஹெப்சிபா.

அகஸ்டாவுக்கு அந்த வாடை தெரியும். மிலோனாத் தீவு. அதைச் சுல்தானுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவர் ராண்டால். சுல்தானின் படை புகுந்த அன்று ஜனங்கள் நீந்தி வந்து, இவர்கள் ஏறியிருந்த ஆங்கிலேயக் கப்பலின் பலகையில் அடித்தார்கள். ஏணியை இறக்கச் சொல்லி அகஸ்டா கதறினாள். அவரோ நங்கூரத்தை எடுக்கச் சொன்னார்.

மறுநாள் தேர்தல் கூட்டம். நூலக அறையில் உலாவியபடி ராண்டால் தன் பேச்சை ஒத்திகை பார்த்தார்.

"மிலோனாவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை, கனவான்களே!"

தரைக்கு அடியில் யாரோ தட்டினார்கள்.

உள்ளங்கையால். ஒரு கை. பிறகு பல கைகள்.

"எலி," என்றார் அவர், உதடு வெளுத்து.

"எலி கையால தட்டுமா?" அகஸ்டா ஆத்திரத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள். "நாளைக்காவது உண்மையைச் சொல்லித் தொலைங்க!"

"சொன்னா எனக்கு ஓட்டுப் போடுறது யாரு? செத்தவங்களா?"

தட்டல் சட்டென்று நின்றது.

மறுநாள் சந்தைத் திடலில் நல்ல வெயில். கூட்டம் கைதட்டியது. ராண்டால் மார்பை நிமிர்த்தினார்.

"மிலோனாவில் ஓர் உயிர்கூட..."

கடைவாயில் தண்ணீர் கசிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தார். கொட்டியது.

பச்சையாக, பாசியோடு, நிற்காமல்.

காய்ந்த மரமேடையில், ஊரே பார்த்திருக்க, அவர் மூழ்கிச் செத்தார்.

அப்போதும் அந்தப் பொய் அடங்கவில்லை. அடக்கத்தன்று பாதிரியார், "ஓர் உயிரையும் பலிகொடுக்காமல் சமாதானம் தந்த மாமனிதர்," என்று ஆரம்பித்தார். அகஸ்டா எழுந்து நின்றாள்.

"பொய்! பச்சைப் பிள்ளைங்க ஐயா! என் கண் முன்னால முங்கிச்சுங்க!"

"துக்கத்துல உளறாதீங்க அண்ணி, உக்காருங்க," என்று கையைப் பிடித்து இழுத்தான் ராண்டாலின் தம்பி ஹம்ஃப்ரி. அண்ணன் நின்ற தொகுதி இனி அவனுக்கு.

"தொடாதே! நீயும் அதே பேச்சைப் பேசித்தானே ஜெயிக்கப் போறே? பேசு. வாயைத் திறக்கிறதுக்கு முன்னால உன் அண்ணன் முகத்தை நெனைச்சுக்கோ."

கறுப்பு முகத்திரையைக் கிழித்துத் தரையில் எறிந்துவிட்டு வெளியேறினாள். அந்த வீட்டில் இனி ஒரு வேளைச் சோறும் தின்பதில்லை என்று தங்கை ஊருக்கு வண்டி கட்டச் சொன்னாள். ஏறியது அவள் ஒருத்திதான்.

ஊர் எல்லை மேட்டில் குதிரைகள் நுரை தள்ளி நின்றுவிட்டன. வண்டிக்காரன் குனிந்து கூவினான்.

"இழுக்க மாட்டேங்குதே! உள்ள எத்தனை பேரும்மா இருக்கீங்க?"

அகஸ்டா காலியான எதிர் இருக்கையைப் பார்த்தாள். அதன் மெத்தை மெல்ல அமுங்கியது.

அவள் ஓரமாக ஒதுங்கி, தன் பக்கத்திலும் இடம் விட்டாள்.