பதினேழாம் தளத்துத் தளபதி

செவ்வாயில் கீழ்த்தளத்துக்காரர்கள் மேலே போகும்முன் நுரையீரலை அலசிக்கொள்வது, நாம் கைகால் கழுவுவதுபோலச் சாதாரணம். முத்தரசி அன்று இரண்டு முறை அலசிக்கொண்டாள். பனிச்சுரங்க வாடை மூச்சில் துளிகூட மிஞ்சக் கூடாது.

அம்மா நிலத்தடிப் பதினேழாம் தளத்தில் பனி வெட்டுகிறாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் முத்தரசி. மூன்று மாதமாகச் காதில் பதித்த செவிச்சில்லு வழியே நான்கு பேரோடு கதையாட்டம் ஆடுகிறாள். ஆளுக்கொரு வேடம், பகடை விழுந்தபடி கதை நகரும். அவள் கலகக் கப்பலின் தளபதி. ஆன்லைனில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். விதி தெரியாமல் தடுமாறினால், "பரவாயில்ல தளபதி, மெதுவா யோசிங்க" என்பான் நிரஞ்சன். அவன்தான் நேரில் வரச் சொன்னான். அந்த மேசையில் தனக்கென்று ஓர் இடம். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

மேல்தளத்தில் அவர்களோடு மேசையில் உட்கார்ந்தாள். கையால் பகடை உருட்டுவது முதல் முறை. வேகமாக வீசிவிட்டாள். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் அது கூரையை முட்டி, நால்வரில் ஒருத்தியான ஷைலஜாவின் தேநீரில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

"வீடு எந்தத் தளம்?" என்றான் நிரஞ்சன்.

"பதினேழு."

சிரிப்பு நின்றது. அடுத்து வந்த தேநீர் மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பையில், அவளுக்குக் காகிதக் கோப்பையில்.

"ஷைலஜா தளபதியா இருக்கட்டும். நீ புதுசுதானே, சுமைதூக்கியா ஆரம்பி. உனக்குச் சரியா வரும்," என்றான் நிரஞ்சன்.

மூன்று மாதத்து 'நீங்க' எங்கே போயிற்று?

"இத்தனை நாளா நான்தானே தளபதி?"

"அது ஆன்லைன்ல."

மேசை நடுவில் ஆட்டத்தை நடத்தும் கதைப்பொறி சிவப்பாய் ஒளிர்ந்தது. "பிழை. பதிவின்படி தளபதி முத்தரசி அவர்கள். பதினேழாம் தளத்தவர் தளபதியாகக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் இல்லை."

"புதுப் பொறி, போன வாரம்தான் வாங்கினோம்," என்று சிரித்தாள் ஷைலஜா. "நம்மகூட இருந்து பழகினா சரியாயிடும்."

"அந்த விதியைச் சொல்லுங்கள். பதிந்துகொள்கிறேன்."

"சொல்லுங்க நிரஞ்சன்." முத்தரசி பொறியைக் காட்டினாள். "அது கேக்குதில்ல? வாயைத் திறந்து சொல்லுங்க."

அவள் முன்னாலிருந்த தளபதிச் சீட்டை நிரஞ்சன் எடுத்து ஷைலஜாவிடம் நகர்த்தினான். பொறியின் கண் அந்தக் கையோடு போனது, ஒவ்வொரு முகமாகப் பார்த்தது, காகிதக் கோப்பையில் வந்து நின்றது. விளக்கு பச்சையானது.

"புரிந்தது. சொல்லாமல் கடைப்பிடிக்கும் விதி. பதிந்தாயிற்று. சுமைதூக்கி முத்தரசி, பகடையை உருட்டு."

முத்தரசி எழுந்தாள். காகிதக் கோப்பையை அந்தச் சீட்டின் மேல் கவிழ்த்தாள்.

"மூணு நிமிஷம்கூட ஆகல," என்றாள். "அதுக்குள்ள இதுவும் மனுஷனாயிடுச்சு."