பதினேழில் எதுவும் இல்லை

"மேடம், பத்து நாப்பத்தாறுக்குள்ள நீங்க வந்தாகணும். அதுக்கப்புறம் கடவுளே வந்து சொன்னாலும் நான் ஜெயிலுக்குத்தான் போவேன்."

காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றவர் பெரிய மருத்துவமனை ஒன்றின் கம்ப்யூட்டர் ஸ்டோரேஜ் இன்ஜினியர். அவர் பேசியது அத்தையிடம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பிறர் பேச்சுக்குக் காது கொடுத்துவிட்டு, ஓய்வுக்குப் பின் துப்பறிய வந்தவர். உதவிக்கு அவருடைய மாப்பிள்ளை. கேட்காமலே உதவுவார் என்பதுதான் அவரிடம் உள்ள ஒரே குறை.

விஷயம் இதுதான். நேற்றுக் காலை மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் மொத்தமும் அழிந்துவிட்டன. அழித்தவர் பெயர் என்று பதிவாகியிருந்தது இன்ஜினியரின் பெயர்.

"அழிச்சது இருபத்துநாலு மணி நேரம் குப்பைத்தொட்டி மாதிரி ஒரு இடத்துல கிடக்கும். அதுக்குள்ள மீட்டுடலாம். ஆனா போலீஸ் பதினோரு மணிக்கு வர்றாங்க, ஆதாரம் கலைஞ்சிடும், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு எங்க பிரிவு மேலாளர் சொல்லிட்டார். என்னையும் உள்ள விடல."

"அழிஞ்ச நேரத்துல நீங்க எங்க தம்பி இருந்தீங்க?"

"கேன்டீன்ல, தனியா. நடுவுல மேலாளர் போன் பண்ணி ரிப்போர்ட்டுக்கு ஏதோ சந்தேகம் கேட்டார். அவ்வளவுதான்."

"பாஸ்வேர்ட்?"

இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். "கீபோர்டுக்கு அடியில ஒட்டி வெச்சிருந்தேன்."

"சுத்தம்!" என்றார் மாப்பிள்ளை.

முன்பு ஒரு திருட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்ததால் மருத்துவமனை இயக்குநர் அத்தையைத் தடுக்கவில்லை. நடைபாதையில் பிளாஸ்டிக் பையோடு ஒரு பெண் எழுந்து வந்து இயக்குநரை மறித்தாள்.

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரரோட ஸ்கேன் கிடைச்சுதா? கிட்னி ஆபரேஷன் ஆகி ரெண்டு நாளாச்சு, அவருக்கு ஒரு சொட்டு யூரின் போகல. ஏன்னு கேட்டா பெரிய சர்ஜன் முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறார். பிலிமும் கொடுக்கல, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னாங்க."

அத்தை அவளையே சற்று நேரம் பார்த்தார்.

சேமிப்பு அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. ஆளுயர இரும்பு அலமாரி ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அதன் நடுவிலிருந்து மேசை இழுப்பறைபோல ஒரு திரையும் கீபோர்டும் வெளியே வந்தன. கன்சோல். நூற்றுக்கணக்கான வட்டுகளில் எது எங்கே இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது என்று தீர்மானிக்கும் ஒரே இடம். அலமாரிக் கதவில் மங்கிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது: '17 – ஸ்கேன் படங்கள்'.

"அது பழசு மேடம்," என்றார் இன்ஜினியர். "மேலாளர் லீவுல இருந்தப்போ நானும் மெக்கானிக்கும் படங்களை எல்லாம் முப்பத்தொண்ணாம் தொகுதிக்கு மாத்திட்டோம். தாளை மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

மணி பத்து இருபத்தைந்து. மேலாளர் கதவருகில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பராமரிப்பு மெக்கானிக் கன்சோலின் பதிவேட்டைத் திறந்து வாசித்தார். "நேத்து காலை பத்து முப்பத்தெட்டு, இன்ஜினியர் பேர்ல லாகின். பத்து நாப்பது, பதினேழு அழிப்பு. பத்து நாப்பத்தாறு, முப்பத்தொண்ணு அழிப்பு."

"பதினேழுல என்ன இருந்துது?" என்று கேட்டார் அத்தை.

"எதுவும் இல்ல. காலி."

"காலின்னு தெரிஞ்சவங்க யாரு? காலி பண்ணின நீங்க ரெண்டு பேர். அப்போ காலி இடத்தைப் போய் முதல்ல அழிச்சவர், இந்தத் தாளை நம்பினவர்."

"அத்தை, நம்மள ஏமாத்த வேணும்னே அழிச்சிருந்தா?"

"ஏமாத்த நினைக்கிறவன் சொந்தப் பேர்லயா உள்ள வருவான், மாப்பிள்ளை? பதினேழை அழிச்ச அப்புறமும் படமெல்லாம் திறந்திருக்கு. ஆளுக்குக் குழப்பம். விவரம் கேட்டாகணும். தம்பி, அந்த போன் எத்தனை மணிக்கு வந்துது? என்ன கேட்டார்?"

இன்ஜினியர் தன் போனைப் பார்த்தார். "பத்து நாப்பத்திமூணு. ஸ்கேன் எல்லாம் பதினேழுலதானேன்னு கேட்டார். இல்ல சார், முப்பத்தொண்ணுன்னு... நான்தான் சொன்னேன்."

"பதிவுல இவன் பேர்தானே இருக்கு!" என்று கத்தினார் மேலாளர்.

"பேரு அவரோடது. தெரியாத்தனம் உங்களோடது. அவர் அன்னிக்கே தாளை மாத்தியிருந்தா நீங்க நேரா முப்பத்தொண்ணுக்குப் போயிருப்பீங்க, அவர் மாட்டியிருப்பார். சோம்பேறித்தனம் ஒருத்தரைக் காப்பாத்தி இன்னிக்குத்தான் பார்க்கிறேன்." அத்தை இயக்குநர் பக்கம் திரும்பினார். "வெளியில அந்தம்மா சொன்ன பெரிய சர்ஜன் இவருக்கு என்ன வேணும்?"

"கூடப் பிறந்த அண்ணன்," என்றார் இயக்குநர். சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது. "மீட்டுக் கொடுங்க. உடனே."

மெக்கானிக்கின் விரல்கள் கீபோர்டில் ஓடின. பத்து நாற்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று திரும்பி வந்தது. இன்ஜினியர் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். மாப்பிள்ளை அவர் தோளைத் தட்டிவிட்டு நடைபாதைக்கு ஓடினார்.

இயக்குநர் அந்தப் பெண்ணின் கணவருடைய படத்தைத் திறந்தார். வலது சிறுநீரகம் முழுக்கக் கட்டி. இடது சுத்தமாக இருந்தது. பக்கத்தில் ஆபரேஷன் குறிப்பைத் திறந்து வைத்தார். எடுத்தது இடது.

மேலாளர் சுவரோடு சுவராக நின்றார். நடைபாதையில் மாப்பிள்ளையின் அவசரக் குரல் கேட்டிருக்க வேண்டும், அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"ஸ்கேன் கிடைச்சிடுச்சாமே டாக்டரம்மா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பாடா! இனிமே அவருக்குச் சரியாயிடும்ல?"

பத்து நாற்பத்தாறு ஆயிற்று. இயக்குநர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.