ஓரத்தில் விழுந்த விரல்

அன்று வந்த படத்திலும் ஓரத்தில் சைலஸின் விரல் விழுந்திருந்தது. செக்கச்செவேலென்று, ஈரமாக. சவுதிக்கு லாரி ஓட்டப் போன புருஷனுக்குப் போனை ஒழுங்காகப் பிடிக்கக்கூட வரவில்லையே என்று லூயிசா சலித்துக்கொண்டாள்.

பாலைவனத்தில் கண்ணில் படும் பறவைகளை அவன் படமெடுத்து அனுப்புவதும், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் உட்கார்ந்து அவள் பறவைப் புத்தகத்தைப் புரட்டிப் பேர் சொல்வதும் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. கல்கௌதாரி, வானம்பாடி என்று அவள் எழுதினால் உடனே போன் செய்து சிரிப்பான். இப்போது சில நாளாகப் போன் இல்லை. படம் மட்டும் வருகிறது, கீழே எப்போதும் அதே கேள்வியோடு: "இது இன்னா பறவை?" படம் வருகிற வரைக்கும் ஆள் நல்லபடியாக இருக்கிறான் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பறவைதான் பிடிபடவில்லை. சாம்பல் நிற மணலில், இறகெல்லாம் உதிர்ந்து, மேலெல்லாம் சளி வழிய நின்றது. யாரோ சப்பித் துப்பிய மாங்கொட்டை மாதிரி. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள். ரத்தச் சிவப்பில் கண். முதுகில் ஒட்டியிருந்த ஒற்றைச் செம்பழுப்பு இறகு.

செம்போத்து. தினமும் வேலியோரம் நடக்கிற செம்போத்து. பாலைவனத்தில் ஏது செம்போத்து?

மணலைப் பார்த்தாள். மழை அறுத்த பள்ளங்கள். பின்னால் துருப்பிடித்த சுரங்க ஷாஃப்ட் கோபுரம். சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டியே மலையாகிப்போன சயனைடு மேடு. அவள் வீட்டுக்குப் பின்னாலேயே இருப்பது. கொல்லைப்புறத்தை அடையாளம் தெரியாதவள், ஊரான் ஊர்ப் பறவைக்குப் பேர் சொல்ல வந்துவிட்டாள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து விளையாடுகிறான். சந்தோஷத்தில் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

விளக்கு வைக்கிற நேரம். மேட்டில் காற்றே இல்லை, ஆனால் அழுகின முட்டையும் பழைய ரத்தமும் கலந்த ஒரு நாற்றம் மூக்கில் ஏறி, எச்சிலை விழுங்கவிடாமல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. காலடியில் மண் கொழகொழத்தது. குனிந்தாள். சளியில் ஊறிய இறகுகள். நடுவில் முடி. மனுஷ முடி.

"இன்னாங்க," என்றாள். "போதும். வெளிய வாங்க."

முதுகுக்குப் பின்னால் ஏதோ எச்சில் விழுங்கியது. மெதுவாக.

பளிச்சென்று ஒரு வெளிச்சம். கையில் போன் அதிர்ந்தது.

படத்தில் அவள் முதுகு. ஓரத்தில் அந்தச் சிவப்பு. அது விரல் இல்லை. நாலு பக்கமும் சுற்றி, ஈரமாக, மடிப்பு மடிப்பாகத் தொண்டைச் சதை. அதில் பாதி புதைந்து, சைலஸின் கல்யாண மோதிரம்.

கீழே: "இது இன்னா பறவை?"