மாசம் தவறாத மாத்திரை!

செல்போன் அலறியது!

விழுப்புரத்தில், கல்லூரி ஆராய்ச்சி அறையில் இருந்த இளவழகன் எடுத்தான். திண்டிவனத்திலிருந்து மாமியார் பாஞ்சாலி.

"மாப்ள... ஜல்தி வாங்க! உங்க மாமா பேப்பர் படிச்சிக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சுட்டாரு! சக்கர அடியோட எறங்கிப்போச்சாம்!"

லேப்டாப்பை அணைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மருந்துக்கடை இன்சூரன்ஸ் க்ளெய்ம்களை வைத்து, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவன் ஆராய்ச்சி. இதுவரை அதை ஒருத்தரும் முழுதாகப் படித்ததில்லை. மாமனார் கோதண்டபாணியின் க்ளெய்ம்களைப் போட்டுக் கொடுப்பவனும் அவன்தான். மாசம் தவறாமல் சர்க்கரை மாத்திரை வாங்குகிற மனிதர்!

வருஷக்கணக்காக அதே மாத்திரை. இன்றைக்கு மட்டும் எப்படி...?

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பொறி தட்டியது.

யாரோ வேண்டுமென்றே அதிகமாகக் கொடுத்திருக்கிறார்கள்... கொலை முயற்சி!

உடம்பு சிலிர்த்தது. உண்மையைச் சொன்னால், பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். அவன் படிப்புக்கு முதல்முறையாக ஓர் உபயோகம்!

பஸ்ஸிலிருந்தே போலீசுக்குப் போன் அடித்தான்.

நர்சிங் ஹோம் கட்டிலில் கோதண்டபாணி. கையில் குளுக்கோஸ். கண்கள் மூடியிருந்தன.

"அத்த... மாத்திரைய யாரு குடுத்தது?"

"நான்தான்."

ஆ!

"இவ்ளோ தைரியமா ஒத்துக்கிறீங்களா?"

"புருசனுக்கு மாத்திர குடுக்க தைரியம் எதுக்கு மாப்ள? டாக்டரம்மா புதுசா எழுதினத, ஒரு வாரமா பக்கத்துல நின்னு முழுங்க வச்சேன்."

"அந்த மாத்திரையத்தான் வருசக்கணக்கா சாப்புடறாரே! என் டேட்டா சொல்லுது!"

கட்டிலில் ஒரு கண் திறந்தது.

"மாப்ள..." கோதண்டபாணி முனகினார். "வாங்குனேன். சாப்ட்டேன்னு உங்க டேட்டாகிட்ட எவன் சொன்னது?"

"அப்ப... மாத்திரையெல்லாம்?"

"சாக்கடைல. வாங்கலன்னா உங்க அத்த பேஜாரு. முழுங்குனா வாய் கசப்பு."

விருட்டென்று நுழைந்தார் டாக்டர் ரோஜா.

"நீங்கதானே இளவழகன்? இவருக்குச் சக்கரை ஏன் குறையலைன்னு நான் குழம்பினப்ப, 'ஒரு மாத்திரைகூட விடலை மேடம், டேட்டா இருக்கு'ன்னு போன்ல அடிச்சுச் சொன்னீங்களே! அதை நம்பித்தான் டோஸை டபுளாக்கினேன். மாத்திரையே படாத உடம்புல டபுள் டோஸ்! இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா ஆளே இல்ல. உங்களை நம்பின என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கிறேன்!"

இளவழகன் கட்டிலருகே போனான். மாமனாரின் கையைப் பிடித்தான். சில்லென்றிருந்தது. அவன் கை அதைவிடச் சில்லென்றிருந்தது.

"மாமா... மன்னிச்சுடுங்க..."

வாசலில் பூட்ஸ் சத்தம்! இன்ஸ்பெக்டர் தென்னரசு.

"கொலை முயற்சின்னு போன் பண்ணது யாரு?"

இளவழகன் கையை உயர்த்தினான்.

"அக்யூஸ்ட் யாரு?"

மூன்று விரல்கள் அவனையே காட்டின.

தென்னரசு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"புகாரும் நீங்க, அக்யூஸ்டும் நீங்க... டீசல் மிச்சம் சார்! ஏறுங்க, போய்க்கினே பேசலாம்!"