காற்றுப் புகாத பெட்டிகள்

தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்த இரும்புப் பெட்டியிலிருந்து மூன்று குமிழிகள் வந்தன. நின்றன. மனதுக்குள் ஆரின் நாலு எண்ணி முடிப்பதற்குள் மறுபடியும் மூன்று வந்தன.

ஓட்டைப் பெட்டி இப்படி விட்டு விட்டுக் குமிழி விடாது. மூடியில் சந்து இருந்தால் காற்றெல்லாம் மளமளவென்று வெளியேறி, அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, ஒரே நிமிடத்தில் அடங்கிவிடும். சந்து இல்லையென்றால் ஒரு குமிழிகூட வராது. தோட்டாப் பெட்டி எதை வாங்கினாலும் துணி துவைக்கிற தொட்டியில் காலியாகப் போட்டு அமுக்கிப் பார்த்த பிறகுதான் ஆரின் அதில் ஒரு தோட்டாவை வைப்பார். நாற்பது வருஷப் பழக்கம் அது. இந்தப் பெட்டி கால்மணி நேரமாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு காற்று அதற்குள் இருக்க இடமே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. நிலவறையின் உயரமான குட்டி ஜன்னலைப் பனி பாதி மூடியிருந்தது. துப்பாக்கி எண்ணெயும் ஊறிப்போன அட்டையும் பழைய பித்தளையும் கலந்த வாசனைக்கு நடுவே, மேலே மனைவி வெர்னா நெஞ்சில் தடவிக்கொள்கிற தைலத்தின் வாசனை லேசாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலி தரையிலிருந்த இரும்புச் சல்லடைக்குப் பக்கத்தில் இருந்தது. நிலவறை அடுப்பின் சூடு அந்த வழியாகத்தான் மேலே போகும். மேலே நடப்பதெல்லாம் அதே வழியாகக் கீழே கேட்கும்.

நாளைக் காலை இருவரும் அரிசோனாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். வெர்னாவின் நுரையீரல் இன்னொரு மொன்டானாக் குளிர்காலத்தைத் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். போன வாரமே கிளம்பியிருக்கலாம். தோட்டாக்கள்தான் தாமதம். அந்தக் காலத்தில் ராணுவங்கள் கழித்துவிட்ட த்ரீ நாட் த்ரீ ரைபிள் தோட்டாக்களை மரப்பெட்டி மரப்பெட்டியாக வாங்கிப் போட்டிருந்தார். இப்போது மரத்தின் அடிப்பலகை இற்றுப் போயிருந்தது. அப்படியே வண்டியில் ஏற்றினால் பாதி வழியில் கொட்டிவிடும். விட்டுவிட்டு வரவும் மனசு வரவில்லை. அந்தப் பிடிவாதம் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை, பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் யாரோ இறந்தவர் வீட்டு ஏலத்திலிருந்து பச்சை நிற ராணுவப் பெட்டிகள் பன்னிரண்டைக் கொண்டுவந்து இறக்கினார்.

"பெருசா வாங்கியிருக்கலாம்டா. ஆறு போதும்," என்றார் ஆரின்.

"பெருசுல ரைபிள் தோட்டாவை ரொப்பினா நீ வந்து தூக்குவியா? உன் இடுப்பே போன வருஷம் மாத்தினது."

"அப்ப பிளாஸ்டிக். லேசு."

"லேசுதான். தூக்கினா கைப்பிடி மட்டும் கையில வரும்."

அப்போது வெர்னா நன்றாகத்தான் இருந்தாள். அடுப்பங்கரையிலிருந்து ஆக்சிஜன் குழாயை இழுத்துக்கொண்டு படி வரைக்கும் வந்தாள். "யாரை முதல்ல ஏத்தறதா உத்தேசம்? என்னையா, தோட்டாவையா?"

"உன்னைத்தான் கண்ணு. நீதான் லேசு."

டெல்பர்ட் அதற்கு வயிறு குலுங்கச் சிரித்தார்.

சின்ன இரும்புப் பெட்டிதான் சரி. ஒரு கையால் தூக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், மூடியின் ரப்பர் வளையம் நன்றாக இருந்தால் ஈரம் எட்டிப்பார்க்காது. செவ்வாயிலிருந்து ஆரின் பதினொன்றை நிரப்பி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒவ்வொன்று போட்டு, நெம்புகோலை அழுத்திப் பூட்டி, சுவரோரப் பலகையில் அடுக்கிவிட்டார். வேலை முடிகிற அவசரத்தில் அவை ஒன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. இது பன்னிரண்டாவது.

மூன்று குமிழி. நிறுத்தம். மூன்று குமிழி.

ரப்பரை மாற்றினார். நெம்புகோலை இறுக்கினார். மறுபடி அமுக்கினார். அதே மூன்று. வெந்நீர் விட்டோமே, சூட்டில் உள்காற்று விரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே இருக்கும்போது மேலே வெர்னா மூச்சு விடுவது சல்லடை வழியாகக் கேட்டது. அவள் மூச்சு எப்போதும் ஒரே சீராக வராது. மூன்று சின்னத் துண்டுகளாகத் தட்டுத் தடுமாறி வெளியே வரும்.

ஆரின் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே ஒன்று, கீழே ஒன்று.

"வெர்னா!" என்று சல்லடையைப் பார்த்துக் கூப்பிட்டார். "பத்து எண்ணற வரைக்கும் மூச்சைப் பிடியேன்."

"எனக்கு இருக்கறதே அரை மூச்சு. அதையும் பிடிச்சு வெக்கணுமா?"

"சும்மா ஒரு தடவை, கண்ணு."

"கிறுக்கு முத்திப் போச்சு உனக்கு," என்றாள். பிறகு சத்தமில்லை.

தொட்டித் தண்ணீர் அசையாமல் நின்றது. உத்தரத்து பல்பு அதில் முழுசாகத் தெரிந்தது. அஞ்சு. ஆறு. ஏழு எண்ணும்போது மேலே அவள் வெடித்து இருமினாள். அவர் உள்ளங்கைக்குக் கீழே பெட்டி துள்ளியது. முட்டை அளவுக்கு ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. தைலத்தின் வாசனை அவர் முகத்தில் அடித்தது.

பயம் வந்தது. எழுபத்திரண்டு வயதில், சொந்த வீட்டு நிலவறையில், பட்டப்பகலில். பெட்டியைத் தண்ணீரிலிருந்து பிடுங்கி எடுத்து நெம்புகோலைத் தூக்கினார். மூடி வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருந்த மாதிரி ஒரு கணம் இறுகியது. பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டபடி திறந்துகொண்டது.

உள்ளே ஒன்றுமில்லை. உலர்ந்த தகரம். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஆரின்?" மேலிருந்து வந்த குரல் பாதியாகிப் போயிருந்தது. "என்ன பண்ணின? நெஞ்சுக்குள்ள... காலியான மாதிரி..."

அவர் மெல்லத் திரும்பிப் பலகையைப் பார்த்தார். செவ்வாய் நாலு பெட்டி மூடினார். அன்று சாயங்காலம் அவளால் படுக்கையறைக்கு நடக்க முடியவில்லை. புதன் நாலு. அன்று ராத்திரி நாற்காலியிலேயே தூங்கினாள். நேற்று மூன்று. காலையிலிருந்து கரண்டியைத் தூக்கவே திணறுகிறாள். குளிர் அதிகமாகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். சீக்கிரம் புறப்பட வேண்டும் என்று இன்னும் வேகமாக நிரப்பினார்.

திறந்தால் அவளுக்கே திரும்பிப் போய்விடும். அவ்வளவுதான் தோன்றியது. ஓடினார். முதல் பெட்டி. நெம்புகோல். மூடி.

தோட்டாக்களின் மேலிருந்து வெண்மையாக ஒரு ஆவி எழுந்தது. குளிர்ந்த நிலவறையில் தயங்கி நின்றது. மேலே போகவில்லை. சல்லடைப் பக்கமே போகவில்லை. பல்புக்குக் கீழே சுழன்று, மெலிந்து, இல்லாமல் போனது.

மேலே கோப்பை விழுந்தது.

அவர் கை அதற்குள் இரண்டாவது பெட்டியைத் திறந்துவிட்டிருந்தது.

"வேண்..." என்றாள் வெர்னா.

அதோடு சரி.

இருமல் இல்லை. மூச்சு இல்லை. ஆக்சிஜன் மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

படியேறிய விதம் அவருக்கே தெரியாது. வெர்னா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காபி கம்பளத்தில் பரவியிருந்தது. அவள் நெஞ்சு அசையவில்லை. உற்றுப் பார்த்தார். அசையவேயில்லை. ஆனால் கண்கள் அவரைப் பார்த்தன. இமைத்தன. உதடுகள் அவர் பெயரைச் சொல்லின. சத்தம் வரவில்லை. சத்தத்துக்கு வேண்டிய காற்று அவளிடம் இல்லை.

போனை எடுத்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். விரலை நீட்டித் தரையைக் காட்டினாள்.

அவர் குனிந்து சல்லடையில் காதை வைத்தார். கீழே, பலகையில், மிச்சமிருந்த ஒன்பது பெட்டிகள். ஒன்பது மூடிகளும் சேர்ந்து உப்பின. சேர்ந்து அமுங்கின. மூன்று துண்டாக. தட்டுத் தடுமாறி.

காலையில் டெல்பர்ட் சாமான் ஏற்றித் தர வந்தார். ஆரின் ஒவ்வொரு பெட்டியையும் கம்பளியில் சுற்றி, பிக்கப் வண்டியின் கூரையும் ஜன்னலும் வைத்த பின்கூட்டுக்குள், ஒன்றோடொன்று இடிக்காமல் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. மகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் யாராவது வழி சொல்வார்கள் என்ற ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தோட்டாவுக்குக் கம்பளியாடா?" என்று டெல்பர்ட் ஒன்றைத் தூக்கினார். முகம் மாறியது. "ஏன்டா இது சூடா இருக்கு?"

"கீழ வெய்யி. மெதுவா."

டெல்பர்ட் முன்பக்கம் போய் ஜன்னலைத் தட்டினார். "ஆள் தெளிஞ்சிட்டே வெர்னா! இருமலே காணோம்!"

வெர்னா கையை உயர்த்தி ஆட்டினாள்.

நூறு மைல் வரை பாதை பள்ளத்தாக்கில் ஓடியது. ஆரின் ஒவ்வொரு மேட்டையும் வேகம் குறைத்துக் கடந்தார். வெளியே கடுங்குளிர். அவர் பக்கத்துக் கண்ணாடியில் மூச்சு படர்ந்து படர்ந்து மங்கியது, துடைத்துக்கொண்டே ஓட்டினார். அவள் பக்கம் கண்ணாடி துளியும் மங்காமல் பளிச்சென்று இருந்தது. அந்தப் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் இல்லை.

சாலையோரம் கணவாயின் உயரத்தைச் சொல்லும் பலகை வந்தது. இன்னும் மூவாயிரம் அடி ஏற வேண்டும். வேறு பாதை எல்லாம் பனியில் மூடியாகிவிட்டது. பின்னால் ஒரு பெரிய லாரி ஒட்டிக்கொண்டு வந்தது.

மலை ஏற ஏற வெளிக்காற்று மெலியும். மூடிய பெட்டிக்குள் இருக்கிற காற்று வெளியே தள்ளும். எவ்வளவு நல்ல ரப்பரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இது ஆரினுக்குத் தெரியும். தோட்டாப் பெட்டி சுமந்த யாருக்கும் தெரியும். நேற்றிலிருந்து அவர் இதை நினைக்கவே இல்லை.

வண்டி ஏறியது. காது அடைத்தது.

பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்.

வெர்னாவின் கை அவர் முழங்கையைப் பிடித்தது. அழுத்தியது. இன்னும் அழுத்தியது. பிறகு பிடி கொஞ்சம் தளர்ந்தது.

இன்னொரு சத்தம். இன்னொன்று.

ஆரின் நிமிர்ந்து கண்ணாடியில் பின்னால் பார்த்தார். யாருமே இல்லாத அந்தக் கூட்டின் ஜன்னல், உள்ளேயிருந்து, அடியிலிருந்து மேலாக மங்கிக்கொண்டு வந்தது.